பால்பாண்டி வீட்டுக்கு எந்த வாத்து?

கால்நடை மருந்தகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கறிக்கும் முட்டைக்கும் எந்த வாத்து இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் போதும் என்று நீங்கள் சொன்னபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்குள் அடங்குவதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறது. முட்டைக்குக் காக்கி கேம்ப்பெல், கறிக்கு வெள்ளைப் பெக்கின், வயல்காட்டு மேய்ச்சலுக்கு நாட்டு வாத்து, இத்யாதி. அந்த அட்டவணையை நானும் மனப்பாடமாக வைத்திருந்தவள்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். அப்படி ஒப்பித்துத்தான் ஒரு புருசன் பெண்டாட்டியைப் பிரிக்கப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் எப்போது சொல்வது?

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. நான் கால்நடை ஆய்வாளர், டாக்டர் இல்லை. ஆனால் மருந்தகத்து நாற்காலியில் எந்தப் பெண் உட்கார்ந்திருந்தாலும் நம் பக்கத்தில் அவள் டாக்டரம்மாதான். முதல் வருடம் 'டாக்டர் இல்லை, ஆய்வாளர்' என்று திருத்தினேன். இரண்டாம் வருடம் திருத்துவதை விட்டேன். மூன்றாம் வருடம் அந்தப் பெயர் எனக்கே பிடித்துப்போனது. என் கோளாறெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

என்னோடு ஒரு பராமரிப்பு உதவியாளர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் உதவியாளர் என்றே சொல்கிறேன். பதவியில் எனக்குக் கீழே, வயதில் எனக்கு மேலே. அதிகம் பேச மாட்டார். பேசினால் பெரும்பாலும் கேள்விதான் கேட்பார். அதுவும் நான் அவசரமாக இருக்கும்போது பார்த்துக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் முற்பகல், ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் முருகேஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கிட்டே வந்தபோது பச்சை ஏலக்காய் வாசம் அடித்தது. தினமும் ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுக்கிற பெண்கள் எத்தனை முறை குளித்தாலும் அந்த வாசம் போகாது.

"டாக்டரம்மா, வாத்து வளக்கலாம்ன்டு இருக்கேன். கறிக்கும் ஆகணும், முட்டைக்கும் ஆகணும். எந்த வாத்து வாங்கட்டும்?"

"எடம் இருக்கா? தண்ணி இருக்கா?"

"ராசிங்காபுரத்துக்கு அங்கிட்டு, மலைய ஒட்டிக் காட்டுக்குள்ள வீடு. சுத்தி எடம் கெடக்கு. கெணறு இருக்கு."

"முட்டைய எங்க விப்பே? நம்ம ஊர்ல வாத்து முட்டை வாங்க ஆளில்லையே."

"மேல மலையுச்சி மெட்டுல ஒரு மலையாளத்துச் சேச்சி சாப்பாட்டுக்கடை வச்சிருக்கு. தாராவு முட்டை எம்புட்டு வந்தாலும் எடுத்துக்கிருவேன்டு சொல்லுது. ஜீப்புல குடுத்து விட்டுருவேன்."

விவரமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள், யாரும் கேட்காமலே, நின்ற வாக்கில் மீதியைச் சொன்னாள். புருசன் பால்பாண்டி மலையில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போனவர். முந்தைய வருடத்து மழையில் சரிவில் சறுக்கி விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிள்ளை குட்டி இல்லை. இவள் வேலைக்குப் போனால் அவர் தனியே கிடக்க வேண்டும். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

"அவுக அண்ணன் திருப்பூர்ல இருக்காரு. நல்ல மனுசன். 'பங்குனி வரைக்கும் பாரு ஆத்தா, வீட்டோட ஒரு பொழப்பு அமையலேன்னா தம்பிய நான் கொண்டுபோயி வச்சுக்கிறேன். நீ மேல லயத்துல தங்கி வேலையப் பாரு'ன்டு சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் ஞாயந்தேன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. அவர் திருப்பூரில், இவள் எஸ்டேட் குடியிருப்பில். வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டால் அதிகம். அதை அவள் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியவள் நான். நான் கேட்கவில்லை. என் மண்டைக்குள் அட்டவணை ஓடிக்கொண்டிருந்தது.

"காக்கி கேம்ப்பெல் வாங்கு. முட்டைக்கு அதை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆணெல்லாம் கழிச்சுக் கறிக்குக் குடுத்துரு. பண்ணைக்கு நான் எழுதித் தர்றேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் அங்கிருந்தே கேட்டார்.

"வாத்துக கூட பகல்ல வீட்ல யாரும்மா இருப்பா?"

"அண்ணே, மொதல்ல மாட்டைப் பிடிங்க" என்றேன். முருகேஸ்வரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி அப்படியே போய்விட்டது.

நாற்பது குஞ்சுகள் வந்தன. நான் சொன்னதையெல்லாம் முருகேஸ்வரி ஒரு சொல் பிசகாமல் செய்தாள். மருந்து, தீவனம், தண்ணீர்த் தொட்டி, கொட்டகைக்குக் கம்பிவலை, எல்லாம் கச்சிதம். அறுப்பு முடிந்த காடுகளில் வாத்துகளின் பின்னால் குச்சியோடு நடப்பாள். கார்த்திகையில் முட்டை விழத் தொடங்கியது. மெட்டுக்குப் போகும் ஜீப்பில் தவிடு நிரப்பிய வாளியில் முட்டைகள் போயின. நான் படம் பிடித்து நம் துறை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் நான் பால்பாண்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வாசலில் இருப்பார். ஜீப்பு ஒர்க்‌ஷாப்காரர் யாரோ செய்து கொடுத்த பலகை வண்டி ஒன்று வைத்திருந்தார். பலகைக்குக் கீழே நாலு பேரிங் சக்கரம். அதில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளி நகர்வார். கடகடவென்று சத்தம் வரும். நான் வணக்கம் சொல்லிவிட்டு வாத்துகளை எண்ணப் போய்விடுவேன். ஒருமுறை அவர் ஒரு கை நிறையத் தவிட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் உருட்டி வந்தார். சக்கரச் சத்தம் கேட்டதும் வாத்துகள் கத்திக்கொண்டு மறுகோடிக்குச் சிதறி ஓடின.

"புது ஆளைக் கண்டா அப்படித்தான் பண்ணும். பழகிரும்" என்றேன்.

அந்த வீட்டிலேயே இருக்கிற மனிதரைப் பார்த்து, அஞ்சாறு மாதம் கழித்து, புது ஆள் என்று சொன்னேன். அவர் தவிட்டைத் தரையில் போட்டுவிட்டுத் திரும்பி உருட்டிப் போய்விட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது.

மாசியில் தீவனம் கட்டுப்படியாகவில்லை என்று முருகேஸ்வரி ஒரு வாரத்துக்கு மட்டும் கடைசிக் காய் எடுப்புக்கு மலைக்குப் போனாள். விடிவதற்கு முன்னே ஜீப்பு ஏறிவிட வேண்டும். பொழுது சாயத் திரும்பிவிடலாம். மூன்றாம் நாள் காலை மருந்தகத்தைத் திறக்கும்போதே பக்கத்துக் காட்டுக்காரர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, வெரசா வாங்க. வாத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. பால்பாண்டி கொட்டகைக்குள்ள இருந்து வெளிய வர மாட்டேங்கிறாரு."

உதவியாளரை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

நடந்தது இதுதான். விடியற்கருக்கலில் தேவாரம் பக்கமிருந்து யானை இறங்கித் தென்னைக்குள் வந்திருக்கிறது. காட்டுக்காரர்கள் வெடி போட்டு விரட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அது புதிதில்லை. ஆனால் காக்கி கேம்ப்பெல் பயந்தாங்கொள்ளி. வெடிச் சத்தத்தில் வாத்துகள் கொட்டகைக்குள் தறிகெட்டு ஓடின. முருகேஸ்வரி ஜீப்பில் போய்விட்டாள். பால்பாண்டி பலகை வண்டியை உருட்டிக்கொண்டு, வாத்துகளை அமர்த்தலாம் என்று கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். சக்கரச் சத்தம் வாசல் பக்கமிருந்து வந்ததும் அத்தனையும் எதிர்மூலைக்குப் பாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டன. அடியில் கிடந்தவற்றுக்கு மூச்சு முட்டிவிட்டது.

பதினோரு வாத்துகள் செத்துக் கிடந்தன. பால்பாண்டி வண்டியிலிருந்து சரிந்து ஈரத் தரையில் கிடந்து, ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் எச்சம்.

உதவியாளர் வேடிக்கை பார்க்க வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டார். சத்தம் போடாமல் மூலைக்குப் போய், உயிருள்ளதை நிழலுக்கு மாற்றினார். செத்ததைச் சாக்கில் போட்டு வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காரணம் கண்டுபிடித்தேன். பதற்றமான நேரத்தில் நம்மைப் போல நாலு எழுத்துப் படித்தவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கிற வியாதி வந்துவிடும். கண்டுபிடித்ததை வாய்விட்டும் சொன்னேன்.

"வெடியில இம்புட்டுச் செத்திருக்காது. நீங்க வண்டிய உருட்டிக்கிட்டு உள்ள வராம இருந்திருந்தா பாதி பொழச்சிருக்கும்."

சொன்னது சரிதான். நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்குவரை என் வாயிலிருந்து வந்த சொற்களில் அதைப்போல் நான் வெறுப்பது வேறில்லை.

பால்பாண்டி கையிலிருந்த வாத்தைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எங்கள் கண்முன்னாலேயே அண்ணனுக்குப் பேசினார்.

"அண்ணே, வந்து கூட்டிட்டுப் போயிரு. பங்குனி வரைக்கும் பாக்க வேணாம்... ஆமா, வாத்து செத்துப்போச்சு. நாந்தேன் கொன்னேன்... இல்லண்ணே, அவ பொழைக்கட்டும். நான் இருந்தா அவ எதையும் வளக்க முடியாது."

அண்ணன் ஏதோ சமாதானம் சொன்னார் போலிருக்கிறது. பங்குனிக் கடைசியில் வேன் எடுத்து வருவதாகப் பேச்சு முடிந்தது. போனை வைத்துவிட்டு அந்த மனிதர் அழுதார். முதுகு முறிந்தபோது அழாதவர் என்று பிற்பாடு முருகேஸ்வரி சொன்னாள்.

அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. சாக்கும் இருந்தது. சிலமலைப் பக்கம் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடப்பதாகத் தகவல். எங்கள் மருந்தகத்து டாக்டர் அங்கே போய்விட்டார், நான் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் சாவியைக் கையில் எடுத்தேன்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. அந்தப் பிள்ள ஜீப்பு விட்டு எறங்குற வரைக்கும் நான் இருக்கேன்" என்றார் உதவியாளர்.

"வந்தா என்ன சொல்வீங்க?"

"நடந்ததச் சொல்வேன்."

நடந்தது என்றால் எதுவரைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாவியைப் பையில் போட்டேன். மதியம் அவர் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். நான் பால்பாண்டியின் சட்டையை அலசிக் காயப்போட்டேன்.

பொழுது சாயும் நேரம் முருகேஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தாள். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. நேராகப் புருசனிடம் போய் அவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

தம்பி தங்கைகளே, 'தப்பு என்னுடையது' என்று பயனாளியிடம் சொல்ல நமக்கு எந்தப் பயிற்சியிலும் கற்றுத் தருவதில்லை. இயற்கைப் பேரிடர் என்று எழுதலாம், பராமரிப்புக் குறைபாடு என்று எழுதலாம். அதற்கெல்லாம் வாசகம் தயாராக இருக்கிறது. நான் எழுந்து நின்று சொன்னேன்.

"முருகேஸ்வரி, தப்பு எம்மேல. உன் வீட்டுக்கு ஆகாத வாத்தை நான் சொல்லிட்டேன். இவரு மேல ஒரு தப்பும் இல்ல. காலைல நான் இவரச் சொன்னது அதை விடப் பெரிய தப்பு."

அவள் என்னை வைதாள். நன்றாக வைதாள். எல்லாவற்றையும் எழுத மாட்டேன், ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

"முட்டை எம்புட்டுப் போடும்ன்டா நான் ஒங்கிட்ட கேட்டேன்? இந்த மனுசன் கூட இருக்கத்தேன் வாத்து கேட்டேன். அது ஒனக்குத் தெரியலையா?"

அதுவரை நீங்க என்று பேசியவள் அன்று ஒருமையில் பேசினாள். எனக்கு வலிக்கவில்லை. கேட்க வேண்டியதைத்தானே கேட்கிறாள் என்று இருந்தது. தலையைக் குனிந்து நின்றேன்.

அவள் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு உதவியாளர் பால்பாண்டியின் பக்கத்தில் போய்க் குந்தினார். வழக்கம்போல ஒரு கேள்வி.

"அப்பு, ஒங்க கிட்டத்துல பயப்படாம வந்து நிக்கிற வாத்து எதையாச்சும் பாத்திருக்கீகளா?"

பால்பாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெட்டுல அந்தச் சேச்சி வீட்டு வாசல்ல கெடக்கும். மணித்தாரான்டு சொல்லும் அது. மூஞ்சியெல்லாம் செவப்பாக் கட்டிகட்டியா இருக்கும், அசிங்கமா. சத்தமே போடாது. ஜீப்பு வந்து நின்னாலும் எந்திரிக்காது. நாங்க மருந்தடிச்சுட்டு வந்து டீ குடிக்கையில கால் மேலேயே வந்து ஒக்காந்துக்கிரும். தள்ளி விட்டாலும் போகாது."

சொல்லும்போதே அவர் கை தன் முட்டிமேலிருந்து எதையோ தள்ளிவிடுவதுபோல ஒருமுறை அசைந்தது.

சேச்சியின் மணித்தாராவுக்கு நம் புத்தகத்தில் பெயர் மஸ்கோவி. என் அட்டவணையில் அது கடைசி வரி. முட்டை குறைவு, அதனால் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. அதே வரியில் இன்னும் சில விஷயம் இருந்ததை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். கறி நிறைய, எருதைப்போல் எடை போடும். குளம் குட்டை கேட்காது, குடிக்கவும் மூக்கு நனைக்கவும் தண்ணீர் போதும். நத்தை, புழு, சமையல் கழிவு எதையும் தின்னும். பின்னால் குச்சியோடு ஆள் நடக்க வேண்டாம். காக்கிக்கு அடை காக்கத் தெரியாது, பொரிப்பான் வேண்டும். இது தன் முட்டையைத் தானே அடை காத்துக் குஞ்சை வளர்க்கும். முட்டை விற்காவிட்டால் என்ன, குஞ்சும் கறியும் மலைக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மேலே தாராவுக் கறி இல்லாத வீடு உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலே, நடக்க முடியாத மனிதர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வளர்க்கக்கூடிய வாத்து அது ஒன்றுதான். எல்லா வீட்டுக்கும் அதுதான் நல்லது என்று எழுதிக்கொள்ளாதீர்கள், உங்கள் காதைத் திருகுவேன். மிச்சமிருந்த காக்கிகளைச் சின்னமனூர் பக்கம் ஒரு நெல் விவசாயி வாங்கிக்கொண்டார். வாய்க்கால் தண்ணீரும் அமைதியும் கிடைத்ததும் அவை மறுபடி அமோகமாக முட்டை போட்டன. வாத்தின்மேல் குற்றமில்லை. யாரோடு இருக்கப்போகிறது என்று கேட்காமல் அனுப்பியதுதான் குற்றம்.

மெட்டுச் சேச்சிக்கு போன் போட்டோம். மணித்தாரா வேண்டும் என்றதும், "மிண்டத்தில்ல, ஓடத்தில்ல, அவிடத்தன்னே கிடந்நோளும்" என்று சிரித்தார் அந்த அம்மா; வாய் திறக்காது, ஓடாது, அங்கேயே கிடக்கும் என்று அர்த்தம். இரண்டாம் நாள் ஏலக்காய் மூட்டைகளோடு ஜீப்பில் இரண்டு கூடைகள் இறங்கின. அஞ்சு பெட்டை, ஒரு ஆண். இவை பறக்கும் என்பதால் உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்து இறகு நுனியை நறுக்கிவிட்டார். கூடையைத் திறந்ததும் அவை ஓடவில்லை. கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு வாசலைச் சுற்றிப் பார்த்தன. பால்பாண்டி பலகை வண்டியை ஒரு சாண் உருட்டினார். நிறுத்தினார். ஒரு வாத்து திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறப் போனது. இன்னொரு சாண் உருட்டினார். முருகேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் மறுபடி யானை இறங்கியது, மறுபடி வெடி போட்டார்கள். "கழுத்தைத் தூக்கிப் பாத்துச்சுக டாக்டரம்மா, அம்புட்டுத்தேன். என்னைய விட அதுகளுக்குத் தைரியம்" என்று முருகேஸ்வரி போனில் சொன்னாள். அவள் மறுபடி டாக்டரம்மா என்று கூப்பிட்டதில் எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் பால்பாண்டி மனம் மாறவில்லை. வாத்துகளுக்குத் தவிடு போடுவார், பேசுவார், வைவார். அண்ணன் பேச்சு வந்தால் மட்டும், "ஆமா, பங்குனிக் கடைசியில போறேன். இவ பொழைக்கட்டும்" என்பார். அந்தக் காலையில் நான் சொன்ன சொல் அவருக்குள் அப்படி இறங்கியிருந்தது. நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். "அட, நீங்க என்னம்மா செய்வீங்க" என்று சிரித்துவிட்டார். மன்னித்துவிட்டார், ஆனால் நான் சொன்னதை நம்பிவிட்டார். முருகேஸ்வரியும் போகாதே என்று ஒருமுறை சொன்னாள், இரண்டாம் முறை சொல்லவில்லை. கெஞ்சி இருக்க வைத்தால் அது அவரைக் கேவலப்படுத்துவதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பங்குனிக் கடைசியில் வேன் வந்தது. அன்று நானும் உதவியாளரும் அங்கே போயிருந்தோம். நறுக்கிய இறகு வளர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொண்டோம். அண்ணன் நல்ல வாட்டசாட்டமான மனிதர். வந்ததும் தம்பியின் தலையைத் தடவினார். முருகேஸ்வரி எல்லோருக்கும் இட்லி வைத்தாள். புருசனின் துணிப்பையைக் கட்டி வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பால்பாண்டி பகலில் படுக்கிற கயிற்றுக்கட்டில் வேப்பமரத்து நிழலில் கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம்பியின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் குனிந்தார்.

"அண்ணே, பைய" என்றார் பால்பாண்டி. "கட்டிலுக்கு அடியில ஒருத்தி அடை ஒக்காந்துருக்கா."

அண்ணன் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கட்டிலின் கீழே, ஒரு பழைய சாக்கின்மேல், தன் நெஞ்சு இறகையே பிய்த்துப் போட்டு மெத்தையாக்கி, ஒரு பெட்டை உடம்பைப் பரத்தி உட்கார்ந்திருந்தது.

"ஒக்காரட்டும்டா. நாம கட்டிலையா எடுக்கப் போறோம்? நீ வா."

"அதுக்கில்லண்ணே. அவ ஒக்காந்ததுல இருந்து பகல் பூரா நான் மேல, அவ கீழ. நான் எந்திரிச்சா அவளும் எந்திரிச்சிருவா. இன்னும் முப்பது நாள் கெடக்கு."

"அதுக்கு?"

பால்பாண்டி கட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது வரைக்கும் நான் எங்கிட்டும் எந்திரிச்சுப் போக முடியாதுண்ணே."

எந்திரிக்கவே முடியாத மனிதர் அதைச் சொன்னார். அண்ணன் நிமிர்ந்தார். வேனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா டாக்டரம்மா? இவன் எந்திரிச்சா அது அடையக் கலைச்சிருமா?"

மணித்தாரா உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்காது. அதுதானே அதன் பெருமை. எனக்குத் தெரியும், உதவியாளருக்குத் தெரியும், பால்பாண்டிக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

"ஆமாங்க. கலைச்சிரும். எந்திரிக்கவே கூடாது" என்றேன்.

உதவியாளர் தொண்டையைச் செருமினார். இந்த மனிதர் இப்போது என்ன கேள்வி கேட்டுத் தொலைக்கப் போகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"ஒண்ணு பொரிச்சு முடிஞ்சா அடுத்தது ஒக்காரும்ங்க. அஞ்சு பெட்டை இருக்கு" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில், வாத்தைக் கலைத்துவிடாமல், மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முருகேஸ்வரி வேனுக்குப் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.